இரண்டு சேலைக்கு நடுவே ஒரு செங்கல்

எங்கள் ஊர் வாரச்சந்தைத் திடலில் நான் கட்டிய பொதுக்கழிப்பறை ஒன்று இருக்கிறது. பேரூராட்சியில் ஓவர்சியராக இருந்த காலத்தில் பார்த்துப் பார்த்துக் கட்டியது. திறப்புவிழா போட்டோவில் நான் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். இன்று அதற்குள் வெங்காய மூட்டைகள் கிடக்கின்றன. பெண்கள் ஒருவர்கூட உள்ளே போனதில்லை. இப்போது அதே திடலில் புதிதாக ஒன்று கட்டி நடத்தும் பொறுப்பை மகளிர் குழுவினர் எடுத்திருக்கிறார்கள். ஓய்வுபெற்றுச் சும்மாதானே இருக்கிறோம் என்று நானே வலியப் போய், வரைபடம் போட்டுத் தருகிறேன் என்றேன். குழுத் தலைவி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அண்ணாச்சி, ஒங்க பிளான்ல ஒண்ணு இருக்கது போதும். பம்பாய் தாராவியில நம்ம பொம்பளையாளுவ தாங்களே பிளான் சொல்லி, தாங்களே நடத்துதாவளாம். ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க. அதுக்கப்புறம் பென்சில எடுங்க.”

மூக்குடைபட்டதை வெளியில் காட்டிக்கொள்ளாமல் ரயில் ஏறினேன்.

மாட்டுங்காவில் தங்க இடம் கிடைத்தது. என்னோடு வேலை பார்த்தவரின் அண்ணன் வைத்தியநாதன், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். மாட்டுங்காவிலேயே பிறந்து, மாட்டுங்காவிலேயே வளர்ந்து, மாட்டுங்காவைவிட்டு ஆபீசுக்கு மட்டும் வெளியே போய்வந்தவர். நான் பையைக் கீழே வைப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார். “சட்டுனு ஸ்நானம் பண்ணிட்டு வாங்கோ. எட்டு மணிக்கு மேல போனா ஹோட்டல் வாசல்ல லைன் ஜாஸ்தியாயிடும். அப்பறம் பேர் குடுத்துட்டு ரோட்ல நிக்கணும்.”

இட்லிக்காகப் பெயர் கொடுத்துவிட்டு ரோட்டில் நிற்பதை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. போய்ப் பார்த்தால் உண்மைதான். எங்களோடு ஒரே மேசையில் ஒரு குஜராத்திக் குடும்பம் உட்கார்ந்தது. அந்த அம்மாள் சாம்பாரைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்துவிட்டு, “இன்னொன்று கொடுப்பா, இது நல்ல சூடு” என்று இந்தியில் சொன்னார். எங்கள் ஊர் ஓட்டலில் அப்படிக் குடித்தால் சர்வர் ஒரு மாதிரி பார்ப்பார். இங்கே சர்வர் மகிழ்ச்சியோடு இரண்டாவது கிண்ணம் கொண்டுவந்தார். காபியும் குறை சொல்ல முடியாத காபி. இத்தனை தூரம் வந்து பொங்கல் சாப்பிடுகிறோமே என்று ஒரு நினைப்பு வந்தது, வடை வந்ததும் போய்விட்டது.

மாட்டுங்காவுக்கு அடுத்த ஸ்டேஷன் சயான், தாராவிக்கு அங்கேதான் இறங்க வேண்டும். லோக்கல் ரயிலில் ஏறுவதற்கு நான் எதுவும் செய்யவில்லை, பின்னால் இருந்தவர்களே பார்த்துக்கொண்டார்கள். சயானில் என்னை அழைத்துப்போகச் செல்வராணி காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்துகொண்டே, தன் சந்தின் கழிப்பறைக் கமிட்டியையும் நடத்துகிறவர். அவருடைய அப்பா நாங்குநேரிப் பக்கத்தில் இருந்து வந்தவர்.

“அண்ணாச்சி நம்ம பக்கம்லா! பேச்சக் கேட்டதுமே தெரியுது. வாங்க வாங்க, பாத்து வாங்க, இங்ஙன பைக்காரன் ஹாரன் அடிக்க மாட்டான், நேரா மேலயே வந்துருவான்.”

போகிற வழியிலேயே கதையைச் சொல்லிவிட்டார். அவர்கள் சந்தின் பழைய சண்டாஸ் விரிசல் விட்டு ஆபத்தாகிவிட, நான்கு மாதத்துக்கு முன் இடித்துவிட்டார்கள். கழிப்பறையை இந்த ஊரில் எல்லோரும் சண்டாஸ் என்றுதான் சொல்கிறார்கள். புதிது வரும்வரை எல்லோரும் பெரிய ரோட்டைத் தாண்டி அடுத்த பகுதியின் கழிப்பறைக்குப் போக வேண்டும். புதிது கட்ட மாநகராட்சி ஒப்புக்கொண்டது. தண்ணீர் இணைப்புக்கும் கமிட்டி மனு மேல் மனு போட்டு வாங்கிவிட்டது. ஆனால் உள்ளே எத்தனை கதவு, எவ்வளவு அகலம் என்பதை நாங்கள்தான் சொல்வோம் என்று பெண்கள் நின்றுவிட்டார்கள். மறுநாள் பதினொரு மணிக்குப் பொறியாளர் வந்து பார்ப்பார். அவர் சரி என்று குறித்துக்கொண்டால் அதுதான் கட்டடம்.

“எதைப் பார்ப்பார்? வரைபடத்தையா?” என்று கேட்டேன்.

“வரைபடம் யாருக்குப் புரியும்? வந்து பாருங்க.”

இடித்த இடத்தைச் சமன்செய்து, அதன்மேல் மூங்கில் நட்டு, சேலைகளால் ஒரு கழிப்பறையையே கட்டி வைத்திருந்தார்கள். அசல் அளவு. சுவருக்குச் சேலை, கதவுக்குச் சேலை, பீங்கான் இருக்கும் இடத்தில் சாக்பீஸ் கோடு. பக்கத்து வீட்டுக் கல்யாணப் பட்டில் இருந்து பழைய நைலெக்ஸ் வரை எல்லாம் காற்றில் ஆடின. சந்துப் பெண்கள் தண்ணீர் டப்பாவோடு உள்ளே போய், உட்கார்ந்து, எழுந்து, “இங்ஙன டப்பா வைக்க எடமில்ல”, “கதவு உள்பக்கமா தொறந்தா முட்டி இடிக்கும்” என்று சொல்லச் சொல்ல மூங்கிலை மாற்றி நட்டார்கள். நான் முப்பத்திரண்டு வருஷம் கட்டியதில், உள்ளே உட்காரப் போகிறவர்களிடம் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. சந்தையில் வெங்காய மூட்டை ஏன் கிடக்கிறது என்று அந்த இடத்திலேயே புரிந்தது.

ஒரே ஒரு சிக்கல் தீராமல் இருந்தது. அந்தச் சிக்கலின் பெயர் மாரியம்மாள். அப்படித்தான் அவரே தன்னை அறிமுகம் செய்துகொண்டார்.

“நாந்தான் அண்ணாச்சி அந்தப் பிராப்ளம்.”

நாற்பது வயது. சின்ன வயதில் போலியோ வந்து இடதுகால் சூம்பிவிட்டது, கக்கத்தில் கட்டை ஊன்றி நடக்கிறார். பைகளுக்கு ஜிப் வைத்துத் தைப்பவர். இதே சந்தில் அப்பா விட்டுப்போன ஓர் அறை அவருக்கு இருக்கிறது. பழைய கழிப்பறையில் ஓரமாக இருந்த ஓர் அறை கொஞ்சம் அகலம், அதில் சமாளித்துக்கொண்டிருந்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ளதில் ஏழு படி, உள்ளே கட்டையை வைக்கவும் இடமில்லை. அதனால் தன் அறையைப் பூட்டிவிட்டுச் செம்பூரில் அக்கா வீட்டில் இருக்கிறார். வேலைக்கு மட்டும் தினமும் இங்கே வருகிறார்.

“பகல்ல தண்ணி குடிக்க மாட்டேன்” என்றார். “காலையில ஒரு டீ. அம்புட்டுதான். ரெண்டு தடவ ஆஸ்பத்திரிக்குப் போயாச்சு. டாக்டர் தண்ணி குடி, தண்ணி குடிங்காரு. குடிச்சா எங்க போவேன்னு அவரு கேக்க மாட்டேங்காரு.”

பெண்கள் பக்கம் பத்துக் கதவு வேண்டும் என்பது கமிட்டியின் முடிவு. ஒன்பது சாதாரண அறை, மூன்றடி அகலம். பத்தாவது மாரியம்மாளுக்கும், வயதானவர்களுக்கும், மாசமாக இருப்பவர்களுக்கும். ஆனால் அளந்தால் பத்தாவதற்கு மூன்றேகால் அடிதான் மிஞ்சியது. மாரியம்மாள் கட்டையோடு நுழைந்தால் திரும்ப முடியவில்லை. ஆண்கள் பக்கம் தள்ளலாமா என்றால், நடுச்சுவர் கீழே இருக்கும் தொட்டியின் சுவர்மேல் நிற்கிறது, அசைக்கக்கூடாது.

செல்வராணி பொறியாளரின் நேரத்தை உறுதிசெய்ய வார்டு ஆபீசுக்குக் கிளம்பிப் போனார். மற்றவர்கள் கன்னத்தில் கைவைத்து நின்றார்கள். அப்போது எங்கோ ஒரு குரல், “பானி ஆயா!” என்றது. அவ்வளவுதான். குழாயில் தண்ணீர் வந்துவிட்டால் இந்த ஊரில் வேறு எந்தப் பேச்சும் கிடையாது. ஒரு நிமிஷத்தில் திடல் காலி. நானும் சேலைகளும் மட்டும் நின்றோம்.

சும்மா நின்றிருக்கலாம். ஓவர்சியர் புத்தி விடவில்லை. ஒவ்வொரு சுவருக்கும் இரண்டு மூங்கில் வரிசை நட்டு, இரண்டு சேலை கட்டி, நடுவே தரையில் செங்கல் வைத்திருந்தார்கள். மறைப்புக்கு ஒரு சேலை போதாதா? செங்கல் வேறு காலில் இடறுகிறது. ஒரு வரிசையைப் பிடுங்கினேன். செங்கல்களை ஓரமாக அடுக்கினேன். முதல் அறையில் இருந்து மூன்று மூன்றடியாக அளந்து, சேலையை இழுத்துக் கட்டிக்கொண்டே போனேன். பத்தாவது அறைக்கு ஏழடி மிஞ்சியது! எனக்கே நம்ப முடியவில்லை. நம்பாமல் இருந்திருக்க வேண்டும்.

பெண்கள் குடங்களோடு திரும்பி வந்தார்கள். மாரியம்மாள் உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே வந்தார். திடலே கைதட்டியது. சுலைகா என்று ஒரு தையல்காரம்மா, கமிட்டியில் செல்வராணிக்கு அடுத்தவர், அண்ணனைக் காக்கா என்று கூப்பிடும் காயல்பட்டினத்துக்காரர். அவர் மட்டும் மூங்கிலைப் பார்த்து, “ரெண்டு சேலை இருந்துச்சே காக்கா?” என்றார்.

“மறைப்புக்குத்தானேம்மா, ஒண்ணு போதும்” என்றேன். படித்தவர் சொல்கிறார் என்று அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மாலையில் மாரியம்மாள், “எங்க அக்காட்ட நீங்களே வந்து சொல்லுங்க அண்ணாச்சி, நான் சொன்னா நம்ப மாட்டா” என்று என்னைச் செம்பூருக்கு அழைத்துப் போனார். குர்லாவில் இறங்கி, பாலம் ஏறி, வேறு லைன் மாறிப் போக வேண்டும். அந்தப் படிகளில் அவர் ஏறுவதைப் பார்க்கையில் எனக்கு மூச்சு வாங்கியது. அக்கா வீடு ஓர் அறை, ஆறு பேர். வாசலில் நுழைந்ததும் அக்கா ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினார். மாரியம்மாள் நின்றபடியே குடித்தார். இரண்டாவது செம்பும் வந்தது. அதையும் குடித்தார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். “ஏழடி! ஓவர்சியர் நான் சொல்லுதேன், நாளைக்கே கையெழுத்து ஆயிரும்” என்றேன். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இவ இங்ஙன இருக்கது எனக்குப் பாரமில்ல அண்ணாச்சி. அவ வீட்டுச் சாவிய எடுத்து எடுத்துப் பாக்கா, அதத்தான் தாங்க முடியல” என்றார். பிறகு தட்டில் சோறு போட்டு, பாங்குடா மீன் குழம்பை ஊற்றினார். நம் ஊர் அயிலைதான், புளி கொஞ்சம் தூக்கல். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். அந்த நிறைவோடு மாட்டுங்காவுக்கு வந்து படுத்தேன்.

மறுநாள் காலை வைத்தியநாதன் வீட்டுக் குளியலறையில் சோப்பை வைக்க இடம் தேடினேன். பழைய காலத்துக் கட்டடம், சுவரிலேயே ஒரு மாடம் குடைந்திருந்தது. சோப்பை வைத்தால் அது வழுக்கி உள்ளே போனது. எடுக்கக் கைவிட்டேன். மணிக்கட்டைத் தாண்டிக் கை போய்க்கொண்டே இருந்தது. எவ்வளவு கனமான சுவர் என்று நினைத்தேன். நினைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

ஒன்பது தடுப்புச் சுவர். பூச்சோடு சேர்த்துச் சுவருக்கு ஐந்து அங்குலம். மொத்தம் நாற்பத்தைந்து அங்குலம், மூன்றே முக்கால் அடி. அந்த இரண்டு சேலையும் நடுவில் செங்கலும் மறைப்புக்காக அல்ல. அதுதான் சுவர். செங்கல் இருந்த இடத்தை எடுத்துத்தான் நான் மாரியம்மாளுக்கு ஏழடி கொடுத்திருக்கிறேன். சேலைக்குக் கனம் கிடையாது, சுவருக்கு உண்டு என்பது அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருக்கிறது. முப்பத்திரண்டு வருஷம் சுவர் அளந்தவனுக்குத் தெரியவில்லை.

“என்ன ஓய், சத்தமே காணோம்? கீழ கீழ விழுந்துட்டேளா?” என்று வெளியில் இருந்து வைத்தியநாதன் கேட்டார்.

“இன்னும் இல்லை சார், இனிமேல்தான்” என்றேன்.

காபிகூடக் குடிக்காமல் ஸ்டேஷனுக்கு ஓடினேன். பதற்றத்தில் ரயிலின் தப்பான பக்கத்துக் கதவோரம் போய் நின்றுவிட்டேன். சயானில் பிளாட்பாரம் மறுபக்கம் வந்தது. நான் முண்டுவதற்குள் ஏறுகிறவர்கள் என்னை மறுபடியும் உள்ளே தள்ளிவிட்டார்கள். ஒரு பெரியவர் மராட்டியில் ஆறுதல் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் அதை இந்தியாக்கினார், எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: “கவலைப்படாதே, குர்லாவும் நல்ல ஊர்தான்.”

குர்லாவில் இறங்கித் திரும்பும் ரயிலுக்காகப் பாலம் ஏறினால், எதிரே படியில் மாரியம்மாள். வேலைக்கு வந்துகொண்டிருந்தார். தலையில் புதுப்பூ. ஓடி ஒளிந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. பிறகு பாலத்தின் ஓரமாக நிற்கவைத்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கூட்டம் எங்களை உரசிக்கொண்டு போனது.

அவர் என்னைத் திட்டவில்லை. “நேத்து அக்கா புள்ளைங்கள்லாம் எனக்கு டாட்டா சொல்லிட்டுங்க அண்ணாச்சி” என்றார். பிறகு, “வாங்க, வண்டி வந்துரும். மொதல்ல செல்வராணி அக்காட்ட சொல்லணும்” என்று எனக்கு முன்னால் கட்டையை ஊன்றி நடந்தார்.

திடலில் செல்வராணி இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். ஓரத்தில் அடுக்கிய செங்கல்களைக் காலையிலேயே பார்த்துவிட்டார். “செங்கல எடுத்தது யாரு?”

“நான்தான்” என்றேன், கூடியிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி.

“மூணு வருசம் முன்ன பக்கத்துச் சந்துல ஒத்தச் சேலையில மாதிரி கட்டிக் காமிச்சோம் அண்ணாச்சி. கட்டி முடிச்சா குண்டான பொம்பள உள்ள போவ முடியல. அன்னையிலருந்துதான் இந்தச் செங்கல். இத ஒங்கள மாதிரி பெரிய படிப்புப் படிச்சவங்க சொல்லித் தரல.” அதோடு விட்டுவிட்டார். “சரி, ஒரு மணி நேரம் இருக்கு. எடுங்க மூங்கில.”

நானும் சுலைகாவும் செங்கல் சுமந்தோம். சேலைகள் இரண்டிரண்டாக எழுந்தன. பத்தாவது அறை பழையபடி மூன்றேகால் அடியில் வந்து நின்றது. மாரியம்மாள் அதைப் பார்த்துவிட்டு, “பத்து பத்தாவே இருக்கட்டும். எனக்காவ யாரும் மெனக்கெட வேண்டாம்” என்று வேலைக்குக் கிளம்பினார்.

சுலைகா கட்டையைப் பிடித்து நிறுத்தினார். “ஒரு கதவக் கொறைப்போம். ஒம்பது. எட்டு சாதா, ஒண்ணு பெருசு. எனக்கு மூணு பொண்ணு, காலையில நாலு பேரா நாங்க லைன்ல நிக்கோம். நாஞ் சொல்லுதேன், கொறைப்போம். நாளைக்கு என் மூத்தவ மாசமா வருவா. நானும் ஒரு நாள் கம்பு ஊணுவேன்.”

நான் மனதில் கணக்குப் போட்டேன். இந்த முறை சுவரையும் சேர்த்து. ஆறடிக்கு மேலேயே வந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை, யாராவது கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன். செல்வராணி கேட்டார். சொன்னேன். சுலைகா ஒரு தடவை தானே அளந்து பார்த்துக்கொண்டார். எனக்கு அது சரியாகவே பட்டது.

“கை தூக்குறதெல்லாம் வேண்டாம், மொகத்துக்காவ எல்லாரும் தூக்கிருவாவ” என்றார் செல்வராணி. “அவவ டப்பாவ எடுத்துட்டு வாங்க. ஒம்பது கதவுக்கு நின்னு பாருங்க. நின்னு பாத்துட்டு முடியும்னா முடியும், முடியாதுன்னா முடியாது.” வரிசை சம்பந்தமான எந்த முடிவையும் அந்தக் கமிட்டி இப்படித்தான் எடுக்குமாம். வீடு வீடாகப் பெண்கள் டப்பாவோடு வந்தார்கள். வரிசை திடலைச் சுற்றி வளைந்தது. ஐரோலியில் ஒரு கம்பெனியில் துப்புரவு வேலை பார்க்கும் ஒரு பெண் வரிசையை விட்டு விலகி, “ஆறு மணிக்கு நான் டிரெயின் புடிக்கணும். எனக்கு இது ஒத்து வராது” என்று சத்தமாகச் சொன்னாள். யாரும் அவளை அதட்டவில்லை. ஆறரை மணிவரை வேலைக்குப் போகிறவர்களுக்கு முன்னுரிமை என்று அங்கேயே பேசி முடித்தார்கள். அவள் மறுபடி வந்து நின்றாள். அதன்பிறகு யாரும் விலகவில்லை.

இருப்பதே போதாத இடத்தில், ஒவ்வொருத்தியும் தன் காலையில் இருந்து சில நிமிஷங்களை எடுத்து இன்னொருத்திக்குக் கொடுத்ததை நான் பார்த்தேன். என் தப்பைக் கூட்டத்தில் சொல்லவைத்து, செங்கல் சுமக்கவைத்து, கடைசியில் என்னிடமே ஒரு கணக்கையும் கேட்டார்களே, அந்தப் பெண்களுக்கு நான் என்றைக்கும் நன்றி உள்ளவன். ஊர் திரும்பியதும் முதலில் எங்கள் குழுத் தலைவியிடம் சேலை கேட்க வேண்டும் என்று முடிவுசெய்துகொண்டேன்.

வரிசை கலையாமல் நிற்க, வேகவேகமாக மூங்கிலை மாற்றி நட்டோம். மாரியம்மாள் உள்ளே போய்ச் சேலைக் கதவை இழுத்துவிட்டுக்கொண்டார். கட்டை தரையில் ஊன்றும் சத்தம் ஒரு சுற்று கேட்டது. பிறகு சத்தம் இல்லை. அவர் வெளியே வரவும் இல்லை.

சரியாகப் பதினொரு மணிக்குப் பொறியாளர் வந்தார். இளவயது மராட்டியப் பெண். கையில் அட்டையும் பேனாவும். “பத்து என்றுதானே எழுதியிருந்தீர்கள், ஏன் ஒன்பது?” என்று இந்தியில் கேட்டார். “கடைசிக் கதவைப் பாருங்கள், தெரியும்” என்றார் செல்வராணி. பொறியாளர் நேராகப் போய்ச் சேலையை விலக்கக் கை நீட்டினார்.

“ஆள் இருக்கு!” என்று உள்ளே இருந்து ஒரு குரல் அதட்டியது.

அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, திடலின் மறுகோடிவரை நடந்துபோய், வரிசையில் கடைசி ஆளுக்குப் பின்னால் நின்றார்.